ஷிஃப்ட்

ஹல் துறைமுகத்தில் மரம் இறக்குமதி செய்யும் கம்பெனி.
இரண்டாம் மாடி. சன்னலுக்கு வெளியே ஹம்பர் ஆறு,
பால் கூடிப்போன தேநீர் நிறத்தில்.

மேவிஸ் ஓல்ட்ராய்டின் இடக்கைச் சுண்டுவிரல்
வலக்கைச் சுண்டுவிரலைவிடப் பருத்தது.
பழைய தட்டச்சுப்பொறி அது.
ஒரு பெரிய எழுத்து வேண்டுமென்றால்
உருளை, தாள், கார்பன், அடித்தாள் அத்தனையையும்
அந்த ஒற்றை விரல் தூக்கிப் பிடிக்க வேண்டும்.
மரியாதைக்கு எடை உண்டு என்று
எலும்பில் அறிந்தவள் அவள்.

மேலாளர் ப்ரெஸ்ட்விச்சின் விதிகள்
சுவரில் ஒட்டியிருக்கின்றன.
கம்பெனி எங்கு வந்தாலும் பெரிய எழுத்து.
இயக்குநர் குழுவுக்கும் அப்படியே.
குழுவின் வருத்தத்துக்குக்கூட உண்டு,
தீர்மானமாக நிறைவேறியிருந்தால்.
தொழிலாளி, சிறிய எழுத்து.
கிரேன், சிறிய எழுத்து.
விபத்தும் சிறியதுதான்;
விபத்து நிவாரண நிதி வரும்போது
அதே விபத்து எழுந்து நின்றுகொள்ளும்.

'டியர்' என்று தொடங்கு, பிரியம் இல்லாவிட்டாலும்.
முடிவில் 'யுவர்ஸ்' நிமிர்ந்து நிற்கும்,
பக்கத்தில் 'ஃபெய்த்ஃபுல்லி' தலை குனிந்து வரும்.
தங்களுடையவன் என்பது பெரிது.
விசுவாசம் அத்தனை பெரிதல்ல.

இதை எழுதும் என் மொழியில்
எந்த எழுத்தும் இன்னொன்றுக்கு எழுந்து நிற்பதில்லை.
கடவுளுக்கும் கடப்பாரைக்கும் ஒரே 'க'.
மரியாதையை நாங்கள் வால்பக்கம் வைத்தோம்,
வந்தான், வந்தார் என்று.
அதனால் ஒன்றும் நாங்கள் யோக்கியர்களல்ல.

பிப்ரவரியில், இரவு ஷிஃப்டில்,
பின்லாந்துப் பலகைக் கட்டு ஒன்று சரிந்தது.
கீழே லென் ஸ்டேதர்ஸ்.

மேவிஸ் அடித்தாள்:
கம்பெனி தனது ஆழ்ந்த வருத்தத்தை, தங்கள் கணவரின்...
சுண்டுவிரல் தானாக அழுந்திவிட்டது.
'ஹஸ்பண்ட்', பெரிய ஹெச்.
ஏணி மாதிரி நின்றது அது, இரண்டு கால், ஒரு படி.
சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.
முதலிலிருந்து அடித்தாள்.

பத்து நாளில் பதில். பென்சில். கோடு போட்ட தாள்.
ஒரு பெரிய எழுத்துகூட இல்லை, சொந்தப் பெயருக்கும் இல்லை.
எந்த வாக்கியத்தில் இருந்தாலும் விறைத்தே நிற்கும்
ஆங்கிலத்தின் 'நான்'
இங்கே புள்ளி வைத்த ஒரு குச்சி.

ஐயா பணம் வந்தது
அவர் பூட்ஸ் உங்கள் ஷெட்டில் இருக்கிறது
கிறிஸ்துமஸுக்குத்தான் புது சோல் போட்டது
பெரிய பையனுக்கு இப்போது அந்த அளவு
நான் வந்து வாங்கிக்கொள்ளலாமா
ஐரீன் ஸ்டேதர்ஸ்

உணவு இடைவேளையில் மேவிஸ் ஷெட்டுக்குப் போனாள்.
பெஞ்சுக்கடியில் இருந்தது.
ஒரு பக்கம் லேஸ், மறுபக்கம் சணல் கயிறு.
மரத்தூளைத் தட்டலாமா என்று யோசித்தாள்,
தட்டவில்லை.

பதில் அடித்தாள்:
தங்கள் ஒன்பதாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம்.
பூட்ஸ் தனி அஞ்சலில் அனுப்பப்படுகிறது.

ப்ரெஸ்ட்விச் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.
'மிஸ் ஓல்ட்ராய்ட், பூட்ஸ் என்பது சிறப்புப்பெயர் அல்ல.
உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்குத்தான்
பெரிய எழுத்து.'

'அந்த ஒரு ஜோடிதான் சார் இருக்கிறது.'

ஆற்றில் ஏதோ கப்பல் ஊதியது.
அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
'அழித்துவிடுங்கள்' என்றார்.
அவள் கதவைத் திறந்தபோது,
'தபால் செலவு என் சொந்தக் கணக்கில்.'

ரப்பர் சக்கரம் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்தது.
அந்த மெலிவின்மேல் சின்ன பி உட்கார்ந்தது.
அடித்தாளை அவள் திருத்தவில்லை;
ஃபைலில் அந்த பூட்ஸ் இன்னும் கனமாகவே இருக்கிறது.

அஞ்சலகத்தில் பார்சல் படிவம்.
மேலே அச்சிட்டிருந்தது,
விலாசம் முழுவதும் பெரிய எழுத்தில் எழுதவும்.

மேவிஸ் இரண்டு முறை படித்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு
ஐரீன் என்று எழுதினாள், ஸ்டேதர்ஸ் என்று எழுதினாள்,
தெருப்பெயர், சந்துப்பெயர்,
எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில்,
சுண்டுவிரல் சும்மா இருக்க.

வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.
குமாஸ்தா பொட்டலத்தைத் தராசில் வைத்தார்.
நாலு பவுண்டு, இரண்டு அவுன்ஸ்.